சங்கு ஊதிய கம்ப்யூட்டர்

பழைய சாமானை ரிப்பேர் செய்து பிழைக்கிறவனுக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே வரவேற்புதான்: “நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு.” அது எந்த வருடத்து நேற்று என்று கேட்கக் கூடாது. கேட்டால் டீ வராது. ரேடியோ, மிக்ஸி, பம்புசெட் என்று எதையாவது கழற்றி மாட்டிச் சோறு தின்கிற அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஊட்டிக்குப் போனது புதுக் கம்ப்யூட்டர் விற்க. போன நேரம், பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்டது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். புதிது வாங்க ஆள் இல்லை. பரணில் கிடந்த பழசெல்லாம் கீழே இறங்கியது. அவற்றைத் தூசி தட்டி உயிர் கொடுப்பதே என் தொழிலாகிவிட்டது. அதிலும் என் தலையில் வந்து விழுந்தது சத்தக் கோளாறு. சும்மா இருக்கும்வரை பெட்டி சாதுவாக ஓடும். பாட்டோ மணியோ ஒலிக்கச் சொன்னால் திரை உறைந்துவிடும், எந்தக் கட்டையைத் தட்டினாலும் அசையாது.

குந்தா கரன்ட்டுக்காரர்

சண்முகம் குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனின் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. பக்திப் பாட்டை ஓடவிட்டுக்கொண்டு கோயில் கமிட்டி நோட்டீஸை பிரின்ட் எடுப்பார். முதல் வரி அச்சாகும்போதே பாட்டும் நிற்கும், பெட்டியும் நிற்கும். வோல்டேஜ்தான் காரணம் என்று அவர் சாதித்தார். நான் சிரித்தேன். அந்தக் காலத்துப் பெட்டியில் சவுண்டு கார்டும் பிரின்டரும் ஒரே வழியில் உள்ளே குரல் கொடுக்கும். ஒரு வீட்டுக் காலிங்பெல்லை இரண்டு பேர் சேர்ந்து அடித்தால், உள்ளே இருப்பவர் யாருக்குக் கதவைத் திறப்பார்?

சவுண்டு கார்டுக்கு வேறு வழி காட்ட, அதில் இருந்த ஜம்பர் என்கிற குட்டிக் கறுப்பு மூடியை ஒரு பல் தள்ளி மாட்டினேன். பாட்டும் நோட்டீஸும் ஒன்றாக ஓடின. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மின்சாரத்தைப் பற்றி மின்நிலையத்துக்காரருக்கே கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பெரிய மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போதுதான் சொன்னார்: “சரியாயிருச்சு, ஒத்துக்கறனுங்க. ஆனா இந்த மலையில வோல்டேஜை மட்டும் நம்பிராதீங்க.”

பெட்டிக்குள் டீத்தூள்

கிளென்மார்கன் பக்கம் ஒரு சின்ன எஸ்டேட். அதன் ஃபேக்டரியில் கொழுந்து தூளாகும்வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு டீ மேக்கர் பெள்ளி. படுகர், அதிகம் பேசாதவர். ஃபேக்டரி சைரனை எஸ்டேட்டில் சங்கு என்பார்கள். முன்பு சங்கு நேரத்தைச் சொன்னது. விலை விழுந்த பிறகு ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது, அதுவும் எந்த மூன்று நாள் என்று முந்தின நாள் மாலைவரை யாருக்கும் தெரியாது. அதனால் காலையில் சங்கு ஊதினால் இன்று வேலை உண்டு, ஊதாவிட்டால் இல்லை என்று ஆகிவிட்டது. தொழிலாளர் குடியிருக்கிற லயன் வீடுகளில் அடுப்பில் என்ன ஏற்றுவது என்பதையே சங்கைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துச் சங்கின் மோட்டார் புகைந்துபோனது. சுவிட்ச் போடுகிற வாட்ச்மேனையும் நிறுத்தியாகிவிட்டது. புது மோட்டாருக்கு முதலாளி கையை விரித்துவிட்டார். பெள்ளி யோசித்தார். நல்ல காலத்தில் வாங்கிய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று குடோனில் கிடந்தது. எஸ்டேட் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் இருந்தன. பக்கத்து எஸ்டேட் வேலியோரம் நின்று, அவர்கள் சங்கையே கேஸட்டில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். கடைசியில் ஒரு நாய் குரைப்பது உட்பட அத்தனையும் அதில் இருந்தது. வேலை நாட்களில் குறித்த நேரத்துக்குக் கம்ப்யூட்டர் தானே அதை ஊத வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

பெட்டியைத் திறந்தால், உள்ளே எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. மூலை முடுக்கெல்லாம் டீத்தூள். இரண்டு நாள் பிரஷ்ஷும் பெட்ரோலுமாகச் சுத்தம் செய்தேன். தேய்ந்த பேட்டரியை மாற்றி, சவுண்டு கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். நான் கொட்டிய குப்பையிலிருந்து பெள்ளி ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “கெட்டுப்போனது பெட்டிதானுங்க. தூள் நல்லாத்தான் இருக்குது.”

அரைச் சங்கு

ஒரு வாரம் பெட்டி ஒழுங்காக ஊதியது, நாயும் தவறாமல் குரைத்தது. எட்டாம் நாள், சங்கு மெல்ல ஏறி உச்சிக்குப் போகிற இடத்தில் பட்டென்று நின்றுவிட்டது. பெட்டி ஹேங். ஆனாலும் ஆட்கள் வந்தார்கள், கொழுந்து பறித்தார்கள். மத்தியானம் ஆனதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் லயனுக்குப் போய்விட்டார்கள். பாதி மலை பறிக்காமல் நின்றது. அவர்களுக்கும் பாதி நாள் கூலி போயிற்று.

பெள்ளி லயனுக்கே போய் விசாரித்திருக்கிறார். பறிக்கிற பெண்களில் மூத்தவர் சரோஜா அக்கா. சிலோன் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவர். அந்த வருடங்களில் எஸ்டேட்டில் நாளுக்கொரு சட்டம் மாறிக்கொண்டிருந்ததால், இதுவும் புதுச் சட்டம் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சரோஜா அக்கா சொன்னதை பெள்ளி எனக்கு ஃபோனில் அப்படியே ஒப்பித்தார்: “அரைச் சங்கு ஊதுனா அரை நாள்தானே வேலை?”

நாலு சங்கு

ஓடிப் போய்ப் பார்த்தேன். குந்தாவில் செய்தது போலக் கறுப்பு மூடியைத் தள்ளி மாட்டினேன். என் கையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் பத்து முறை ஊதவிட்டேன், பத்து முறையும் நாய் குரைத்தது. நிமிர்ந்த நெஞ்சோடு திரும்பினேன். மறுநாளே மறுபடி அரைச் சங்கு. அப்போதுதான் உறைத்தது. சின்ன ஸ்பீக்கரில் ஓடுகிறது, குழாயில் நிற்கிறது. சங்கு உச்சிக்கு ஏறும்போது ஆம்ப்ளிஃபயர் கரன்ட்டை மொத்தமாக இழுக்கிறது. அதே பிளக்கில் இருக்கிற கிழட்டுப் பெட்டிக்கு மயக்கம் வருகிறது. குந்தாக்காரர் முகம் கண் முன்னால் வந்தது. வோல்டேஜேதான்.

செவ்வாய் மாலை பெள்ளி ஃபோனில் கூப்பிட்டு, நாளை புதன்கிழமை ஃபேக்டரி இல்லை, வாருங்கள் என்றார். முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அவர் டீத்தூள் சாம்பிள் பொட்டலங்களோடு குன்னூர் ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டி இருந்த ஆபீஸின் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். குழாயில் ஊதினால்தான் கோளாறு தெரியும் என்பதால் குழாயிலேயே ஊதினேன். பாதியில் நின்றது. ஆம்ப்ளிஃபயரின் ஒயரைக் கொழுந்து உலர்த்துகிற அடுப்புக்கூடத்தின் தனி லைனுக்கு இழுத்து மாட்டினேன். இப்போது முழுச் சங்கு ஊதி, நாயும் குரைத்தது. உறுதி செய்துகொள்ள இன்னொன்று. நான்காவது, ஒளிப்பானேன், என் பெருமைக்கு.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற களத்தில் நாற்பதுக்குக் குறையாத பெண்கள் வரிசையாக நின்றார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, முதுகில் கூடையோடு. நான் “டெஸ்டிங்குங்க” என்றேன். முன்னால் நின்ற ஒருவர் விஷயத்தைச் சொன்னார். வேலை இல்லாத நாளில் கேரட் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று உண்டு. சங்கு கேட்டதால் அதை அனுப்பிவிட்டார்களாம். நான் பெருமைக்கு ஊதிய ஊதலில் அவர்களுக்கு அந்தக் கூலியும் போயிற்று. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது.

சங்கு கேட்டு பஸ்ஸில் ஏறாமல் ஓடி வந்திருந்தார் பெள்ளி, கையில் சாம்பிள் பொட்டலங்களோடு. நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது, முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவர் வரிசையை ஒரு முறை பார்த்தார். சங்கு ஊதி ஆள் வந்துவிட்டால் பேர் போட்டாக வேண்டும், அதாவது அன்றைய கூலிக்குப் பதிய வேண்டும் என்பது எஸ்டேட்டில் எழுதாத சட்டம். யார் ஊதினார்கள் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை என்றார். முதலாளியிடம் வாங்க வேண்டிய திட்டைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு நோட்டை எடுத்து ஒவ்வொருவர் பேராக முழு நாளுக்கு எழுதி, கீழ்க்காட்டுக்குக் களை எடுக்க அனுப்பினார். வேலை போனாலும் போகும் என்று தெரிந்தே எழுதினார்.

வரிசை இறங்கிப் போனது. வேலையில்லாத நாளில் முழுப் பேர் வாங்கிக்கொண்டு கடைசியாக வந்த சரோஜா அக்கா ஆபீஸ் ஜன்னலருகே நின்று பெட்டியை எட்டிப் பார்த்தார். நல்லபடியாக ஆகிவிட்டதா என்று கேட்டார். தொழில்காரன் புத்தி, சும்மா இருக்குமா? இனி ஜென்மத்துக்கும் நிற்காது என்று அடித்துச் சொன்னேன். அவர் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டார்.

“அப்ப வாற பொதங்கெழமை இது பழுதாகாதா, தம்பி?”

இத்தனை வருடத் தொழிலில், ஒரு ரிப்பேரை இவ்வளவு சரியாகச் செய்து தொலைத்தோமே என்று நான் நொந்துகொண்டது அந்த ஒரு பெட்டிக்குத்தான்.