செத்த டிஸ்க் எது?

இருபத்து நான்கு டிஸ்க்கில் செத்தது எது என்று கண்டுபிடித்து, உயிரோடிருக்கும் மற்றவற்றைத் தொடாமல், அதை மட்டும் உருவி எடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு இப்போதே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சான் ரமோனில் பிசினஸ் பார்க்கின் ஒரு மூலையில் இருக்கிறது எங்கள் சின்னக் கம்பெனி. சுற்றுவட்டாரத்தில் ஐந்து கிளினிக்குகளில் எடுக்கிற ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது எங்கள் வேலை. பழைய படந்தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். இன்றைய ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தால், ஐந்து வருடத்துக்கு முன்பும் அது இருந்ததா என்று டாக்டர் பார்ப்பார். அப்படியே இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பழைய படம் இல்லையென்றால் ஊசியைக் குத்திச் சதையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் படமெல்லாம் இருபத்து நான்கு டிஸ்க்குகளில் சிதறி இருக்கிறது. அந்த மொத்தக் கூட்டத்துக்கும் பூல் என்று பெயர். இரண்டு டிஸ்க் செத்தாலும் மற்றவை தாக்குப்பிடிக்கும். மூன்றாவதும் போனால் எல்லாம் போச்சு. சர்வரோ ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் முதலில் கண் விழித்த டிஸ்க்குக்கு ஏ, அடுத்ததற்கு பி என்று தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கும். நேற்றைய ஏ இன்றைக்கு எஃப். என்றும் மாறாதது டிஸ்க்கின் உடம்பில் அதைச் செய்த கம்பெனியே அச்சடித்த சீரியல் நம்பர் ஒன்றுதான். அந்த நம்பரையே பூலிலும் பெயராகக் கொடுத்து, அதையே டிஸ்க்கைத் தாங்கும் ட்ரேயின் முகப்பில் ஸ்டிக்கராகவும் ஒட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. முதுகலைப் பட்டம் வாங்கிய மனிதர்களிடம் இந்த ஒரு காரியத்தைச் செய்ய வைக்க நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எட்டுக்கு இடமில்லை

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் சுந்தரேசன். நியூ ஜெர்சியில் மகன் வீட்டோடு போய்த் தங்கப்போவதால் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். சர்வர் நிற்கும் ரேக்கின் முன்னால் நின்று பார்த்தேன். ட்ரேக்களில் ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை அழகாக நம்பர் எழுதியிருந்தார். டிஸ்க் இருபத்து நான்குதானே, இது எப்படி என்று விரல் விட்டு எண்ணினேன். ஏழுக்கு அடுத்தது ஒன்பது. எட்டையே காணோம்.

மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஆக, அது ஒன்பது என்று சொன்னால் அது பத்தாவது டிஸ்க். அதன் மேல் சுந்தரேசன் எழுதியிருந்தது பதினொன்று. ஒரு டிஸ்க் செத்தால் சாவகாசமாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஐ.ஐ.டி.யில் படித்த மனிதர். ஏன் சார் இப்படி என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எட்டு சனியோட நம்பர்ம்மா. இத்தனை வருஷத்துல இந்த பூல்ல எட்டாவது டிஸ்க் ஒரு தடவையாவது ஃபெயில் ஆகியிருக்கா, நீயே சொல்லு.”

சந்தனம் வைத்த சர்வர்

அந்த நம்பர்களையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கையும் பார்த்துப் பார்த்து சீரியல் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி முடித்தேன். அதன்பின் மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

என் மேனேஜர் கணேஷ் சென்னைக்காரர், பக்திமான். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. பக்கத்து ஊர் டப்ளினிலிருந்து வரவழைத்த சுண்டலை நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சுண்டல் கிண்ணத்தோடு சர்வர் அறைக்குள் போனேன். இருபத்து நான்கு ட்ரேயிலும் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். ரேக்கின் சட்டத்தில் வைக்கலாம். கதவில் வைக்கலாம். ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்புத் தகரம் சும்மா கிடந்தது. மனிதர் தேடித் தேடி ஒவ்வொரு ஸ்டிக்கரின் மேலும் வைத்திருந்தார். பேப்பர் ஸ்டிக்கர் ஈரத்தில் ஊறி, மை கரைந்து, ஒரு நம்பரையும் படிக்க முடியவில்லை. ஏன் இங்கே என்று கேட்டேன். அவர் தட்டும் கையுமாகச் சிரித்தார்.

“அங்கதான் மீனா வெள்ளையா இருந்துச்சு. சந்தனம் எடுப்பா தெரியும்னு வச்சேன்.”

அகர வரிசை

நல்லவேளையாக எந்த ட்ரேயில் எந்த சீரியல் நம்பர் என்று ஒரு எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தேன். இடது பத்தியில் ட்ரே நம்பர், வலது பத்தியில் சீரியல் நம்பர். இதற்கு மேல் எளிமையாக ஒன்றைச் செய்யவே முடியாது.

நியூ ஜெர்சியிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், நம் ஒழுங்கைக் காட்ட வேண்டும் என்று கணேஷ் அந்த ஷீட்டைத் திறந்தார். தலைப்புக்கு நீலம் அடித்தார், கட்டம் போட்டார். அத்தோடு விட்டிருந்தால் தேவலை. வலது பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசையில் அடுக்கிவிட்டார். இடது பத்தி அசையாமல் அப்படியே நின்றது. இருபத்து நான்கு வீட்டில் அநேகமாக எல்லாவற்றிலும் வேறு யாரோ குடியேறியாயிற்று. இப்படி நடந்தது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன்; பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெருமையாக ஸேவ் பண்ணிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“இப்போ எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க. நீங்க ஏன் மீனா முதல்லயே இப்படிப் பண்ணலை?”

ஹூஸ்டன் நகல்

இதற்கெல்லாம் ஒரு நகல் வேண்டாமா என்று கேட்பீர்கள். இருந்தது. ஹூஸ்டனில் வாடகைக்கு எடுத்த இடத்தில் இதே படங்கள் இன்னொரு சர்வரில் இருந்தன. அங்கே ஸ்டிக்கரே ஒட்டவில்லை. அடுத்த தடவை போகும்போது ஒட்டிக்கொள்ளலாம் என்று கணேஷ் நான்கு தடவை சொன்னார், யாரும் போகவில்லை. அங்கே எங்களுக்காக எட்டிப் பார்க்கிறவர் பிரபு, ஈரோட்டுக்காரர், தங்கமான பையன். தங்கத்தை வைத்துக்கொண்டு டிஸ்க் மாற்ற முடியாது.

அங்கே இரண்டு டிஸ்க் செத்துவிட்டன. இன்னும் ஒன்று போனால் அவ்வளவுதான் என்று பிரபுவிடம் போனில் தெளிவாகச் சொன்னேன். அது சமையலறை இழுப்பறை மாதிரி வெளியே இழுத்து மேலிருந்து பார்க்கிற சர்வர். இரண்டாவது வரிசையில் மூன்றாவதும் நான்காவதும் என்றேன். ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த தெம்பில் அவர் சர்வரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். என் வரிசை அவருக்கு வேறு வரிசையாகிவிட்டது. உருவிய இரண்டும் நல்ல டிஸ்க்குகள். திரும்பச் செருகியிருந்தாலாவது பிழைத்திருக்கும். நோயாளிகளின் விவரம் உள்ள டிஸ்க்கை வெளியே எடுத்தால் நொறுக்கிவிட வேண்டும் என்பது விதி. மற்ற எந்த விதியையும் மறந்துவிடுகிற பிரபுவுக்கு அன்றைக்கு அது மட்டும் ஞாபகம் வந்துவிட்டது. செத்தது இரண்டு, கொன்றது இரண்டு. நகல் மொத்தமும் போய், சான் ரமோனிலிருந்து திரும்ப முதலிலிருந்து அனுப்ப ஆரம்பித்தோம். புதிய படங்கள் முதலில் போகும், பழையவை கடைசியில். நான் போனில் கத்தவே இல்லை. அழுகைதான் வந்தது.

“நீங்க எந்தப் பக்கம் நிக்கோணும்னு சொல்லவே இல்லீங்களே அக்கா.”

ஆறு வருடத்துப் புள்ளி

பழைய படங்கள் ஹூஸ்டனுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சான் ரமோனில் ஒரு டிஸ்க் செத்து, அதன் பதிலுக்குக் காத்துக் காத்தே மொத்த பூலும் திணறியது. இன்னொன்று இருமிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் டப்ளின் கிளினிக்கிலிருந்து டாக்டர் வசந்தா கூப்பிட்டார். ஒரு அம்மாவுக்கு மார்பில் புள்ளி தெரிகிறது, பழைய படம் திறக்கவே மாட்டேன் என்கிறது, கிடைக்காவிட்டால் நாளைக் காலை ஊசி குத்தி பயாப்ஸி. அந்த அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார்.

செத்த டிஸ்க்கின் சீரியல் நம்பரைத் திரை காட்டியது. சந்தனத்துக்குப் பிறகு ஒட்டிய புது ஸ்டிக்கர்களில் அந்த நம்பர் பதினோராவது ட்ரேயில் இருந்தது. கையை வைத்துவிட்டேன். இழுக்கப் போகிற நேரத்தில் அதன் பச்சை விளக்கு சுறுசுறுப்பாக மின்னுவதைப் பார்த்தேன். செத்த டிஸ்க் எப்படி மின்னும்? உயிரோடிருப்பதை உருவி, இருமுகிறதும் போய்விட்டால் மூன்று. கையை எடுத்துக்கொண்டேன். விளக்கை வைத்துத் தேடலாமென்றால், அந்த ரேக்கில் ஏழெட்டு விளக்குகள் வாங்கிய நாளிலிருந்தே எரிவதில்லை.

“ஸ்டிக்கர்ல அந்த நம்பர்தானே இருக்கு, இழுங்க மீனா,” என்றார் கணேஷ்.

“ஸ்டிக்கர் பொய் சொல்லுது கணேஷ். சர்வரை ஆஃப் பண்ணிட்டு எல்லாத்தையும் வெளிய எடுத்துப் பார்க்கணும்.”

“வொர்க்கிங் அவர்ஸ்ல அஞ்சு கிளினிக்கை டவுன் பண்ணுவீங்களா? நான் அப்ரூவ் பண்ண மாட்டேன்.”

அவர் யாருக்கோ போன் பண்ண வெளியே போனதும் நான் பட்டனை அழுத்தினேன். அந்த நிமிடம் என் வேலை போனாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. ஒவ்வொன்றாக உருவி, உடம்பில் அச்சடித்த நம்பரையும் முகப்பு ஸ்டிக்கரையும் ஒப்பிட்டேன். இருபத்து நான்கில் இருபத்திரண்டு தப்பு. பாக்கி இரண்டு சரியாக இருந்தது தற்செயல். அகர வரிசை ஷீட்டிலிருந்து அச்சடித்த ஸ்டிக்கர்கள். அடித்தது நான். ஒட்டியதும் நான். புது லேபிள் மெஷின் வந்த குஷியில், சந்தனத்தைத் துடைத்துவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே அரை மணி நேரத்தில் ஒட்டி முடித்தேன். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே எடுக்கக் கூடாதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்திவிட்டு ஒரே ஒரு டிஸ்க்கை எடுத்துப் பார்த்திருந்தாலும் போதும். செய்யவில்லை. அந்தத் தரையில் டிஸ்க்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

நான்காவது ட்ரேயில் கிடந்தது செத்தது. அதை மாற்றி, சர்வரை எழுப்பி, பூல் மூச்சு விட ஆரம்பிக்கும்போது மணி பன்னிரண்டே கால். ஒரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். ஆறு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி, அதே அளவு. பயாப்ஸி வேண்டாம், அந்த அம்மாவை அனுப்பிவிட்டேன் என்றார். ஏன் இரண்டு மணி நேரம் எல்லாம் நின்றது என்றும் கேட்டார்.

“ட்ரேல லேபிளை மாத்தி ஒட்டியிருந்தாங்க டாக்டர்,” என்றேன். ஒட்டியிருந்தாங்களாம். யாரோ தெருவில் போகிறவர்கள்.

டாக்டர் விடவில்லை.

“அந்தம்மா இங்க ரெண்டு மணி நேரம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க மீனா. அந்த லேபிள் ஒட்டின ஆளை முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க.”

இதுவரை அனுப்பவில்லை, அந்த ஆள்தான் இன்றைக்கும் சான் ரமோனில் உட்கார்ந்துகொண்டு, ஊரிலுள்ள முட்டாள்களையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள்.