மத்தியானத்தில் மூச்சிழுக்கும் பாலம்

எங்கள் பாலத்து வேலையில் கம்பி கட்டும் மேஸ்திரியை யாரும் மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. எலியண்ணன் என்றால்தான் தெரியும். பாலத்தின் உடம்பு கான்கிரீட்டில் வார்த்த நீளப் பெட்டி. உள்ளே வெறும் கூடு. அடித்தட்டில் ஓர் ஆள் நுழையும் ஓட்டை உண்டு. சாப்பாடு ஆனதும் அண்ணன் ஏணி வைத்து அதில் ஏறி மறைந்துவிடுவார். கம்பி பார்க்கப் போவதாக அண்ணியிடம் சொல்லிவைத்திருந்தார். வேலையாட்களுக்குச் சமைப்பது அண்ணிதான். அண்டா தூக்க ஆள் தேடும்போதெல்லாம் புருஷனைக் காணோம்.

லாரிக்காரர்களிடம் டீ பறிப்பது அவருடைய இன்னொரு கெட்ட பழக்கம். பாலத்தின் நடு வயிற்றிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். காலையில் அதன் முனை கீழே கிடக்கும் கல்லைத் தொட்டபடி நிற்கும்.

"மத்தியானம் இதுக்கடியில பஸ் டிக்கெட்டை நாலா மடிச்சுச் சொருகறேன். குண்டைத் தொடமாட்டேன். பந்தயம் ஒரு டீ."

மணல் லாரி ஓட்டும் நானே ஆறு டீ தோற்றிருக்கிறேன். எப்படி என்று கேட்டால், "பாலம் சாப்பிட்டுட்டு மூச்சிழுக்குதுப்பா" என்பார்.

இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கும் பாலத்துண்டு ஒரு கண் என்று கணக்கு. மூன்றாவது கண்ணின் பக்கச் சுவரில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. எலி கம்பியைக் குறைத்துக் கட்டிவிட்டான் என்று சூப்பர்வைசர் மேலிடத்தில் ஊதிவிட்டார். கடைசியில் பாரம் ஏற்றிப் பார்ப்பது என்று முடிவானது. மணல் லாரிகளை ஒரு நாள் மேலே நிறுத்தி, பிறகு இறக்கி, மறுநாள் அளப்பார்கள். அமுங்கிய பாலம் முக்கால் பங்காவது திரும்ப எழ வேண்டும். எழாவிட்டால் அந்தக் கண்ணை இடிப்பார்கள். அதன்பிறகு அண்ணனை எந்தப் பாலத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

காலை எட்டுக்கு லாரிகள் வரவேண்டும். எடை மேடையில் ஒருவருடைய மாமியார் கதை கொஞ்சம் நீண்டுவிட்டது. நாங்கள் வரும்போது மணி பன்னிரண்டு. இன்ஜினியரம்மா பாலத்துக்கடியில் பொருத்தியிருந்த ஏற்ற இறக்கத்தை மில்லிமீட்டரில் காட்டும் டயல் கேஜைப் பார்த்து ஆரம்ப அளவைக் குறித்துக்கொண்டு லாரிகளை ஏற்றச் சொன்னார். பாலம் பன்னிரண்டு மில்லிமீட்டர் அமுங்கியது. மறுநாள் இறக்கினோம்.

மூன்றாம் நாள், மேலிடம் அவசரப்பட்டதால் காலை ஏழு மணிக்கே அளந்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் எழாமலே நின்றது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் சூப்பர்வைசர்.

அண்ணன் இன்ஜினியரம்மாவிடம் ஓடினார். "அம்மா, மத்தியானம் ஒருதரம் பாருங்க."

"ஏன், மத்தியானம் கம்பி முளைக்குமா?" என்றார் சூப்பர்வைசர்.

அண்ணன் அவர் பக்கமே திரும்பவில்லை. "ஆரம்ப அளவு எப்பம்மா எடுத்தீங்க?"

"பன்னெண்டரைக்கு."

"அப்ப அது முதுகைத் தூக்கிக்கிட்டு இருக்கற நேரம். வெயில்ல மேல்தட்டு காயும், அடித்தட்டு ஜில்லுனு இருக்கும். மேல நீளும், கீழ நீளாது. அதனால நடுவுல எழும்பும். காலையில சூடு போய் இறங்கிக் கெடக்கும். அந்த அளவோட இதை ஒப்பிட்டா எழாத மாதிரிதான் தெரியும்."

"உள்ள ஜில்லுனு இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் சமையல் கொட்டகைப் பக்கம் பார்த்தார். கரண்டியும் கையுமாக அண்ணி பக்கத்திலேயே வந்து நின்றிருந்தார்.

"உள்ள போனா தெரியும்மா."

"எத்தனை நாள் போயிருப்பீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "எட்டு மாசமா. தெனமும். முதுகுக்கு ஜில்லுனு இருக்கும், மூஞ்சிக்கு மேல அனலடிக்கும். படுத்தா நல்லாத் தெரியும்."

"ஓ" என்றார் அண்ணி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு எழுத்தில் எட்டு மாத அண்டாவும் இருந்தது.

இன்ஜினியரம்மா தன் நோட்டைப் புரட்டினார், தூக்குக்குண்டை நிமிர்ந்து பார்த்தார். "பன்னெண்டரை வரைக்கும் யாரும் எதையும் எழுதவேண்டாம்" என்றார்.

வெயில் ஏற ஏற டயல் முள் நகர்ந்தது. எறும்பு கூட இன்னும் வேகமாகப் போகும். பன்னிரண்டரைக்கு மிச்சம் ஒரே மில்லிமீட்டர். விரிசல்களையும் அளந்துவிட்டு, அவை பாரத்தில் விரியவில்லை, கான்கிரீட் காயும்போது வந்தவை என்று இன்ஜினியரம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் தூக்குக்குண்டுக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தாமதமாக வந்த பாவத்துக்கு எல்லோருக்கும் டீ நான் வாங்கினேன்.

மறுநாள் சாப்பாடு முடிந்தது. அண்ணன் ஏணியைத் தேடிக்கொண்டு போனார். அதில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி அண்ணி ஏறிக்கொண்டிருந்தார்.

"நீங்க போய் அண்டாவைக் கழுவுங்க. நான் கொஞ்சம் கம்பி பாத்துட்டு வரேன்."