காய்ந்த தலையில் முதல் தண்ணீர்

செம்மண்டலத்து முதியோர் இல்லத்தில் எங்களைக் குளிப்பாட்டும் பெண் நல்ல பெண்தான். தானே புயல் அடித்துக் கரண்டு போனதில் மோட்டார் ஓடவில்லை. அவள் அடிபம்பில் தண்ணீர் அடித்து வந்து, எங்களை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு வாளி என்று அவசரமாக ஊற்றிக்கொண்டு வந்தாள். என் முறை வந்ததும் முதல் சொம்பையே உச்சந்தலைக்குக் கொண்டுவந்தாள். தட்டிவிட்டேன். சொம்பு உருண்டு போய்ச் சுவரில் மோதியது.

"என்னா ஆயா, குளுருதா? வெந்நி போட கரண்டு ஏது?"

"குளுரெல்லாம் ஒண்ணுமில்ல. மொதல்ல காலுக்கு ஊத்து."

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். ஒனக்கு மட்டும் தனி சாஸ்திரமா?"

"அப்ப எனக்குக் குளியலே வேணாம், போ."

நாள்கணக்கில் குளிக்காமலே கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிள்ளை பெற்ற காலத்திலும் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையாதவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் காரணம் சொல்லிக் கெஞ்சுகிற பழக்கம் எனக்கில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"இந்தா, மகாராணி காலுக்கே ஊத்துறேன். ஏன்னு மட்டும் சொல்லு."

சொல்லவில்லை. சின்னப் பெண். அவளுக்கு அம்மா இருக்கிறாள்.

என் அம்மா போனபோது எனக்கு முன்பல் விழுந்த வயது. புவனகிரியில் இருந்தோம். பிரசவத்துக்கு அம்மாவைச் சிதம்பரத்துக்கு வண்டி கட்டிக் கூட்டிப் போயிருந்தார்கள். அம்மா என்னைக் குளிப்பாட்டுவது என்றால் அரை நாள் வேலை. வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து ஊறவிடுவாள். முதல் தண்ணீர் பாதத்துக்கு. அப்புறம் முழங்காலுக்கு, தோளுக்கு. ஒவ்வொரு சொம்புக்கும் "சூடு போதுமாடி?" என்று கேட்பாள். தலைக்குக் கடைசியில்தான். எண்ணெய் வைக்காமல் தலையை நனைத்துக்கொண்டால் முதுகில் ஒன்று விழும்.

ஒரு சாயங்காலம் அப்பாவும் மாமாவும் ஈர வேட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். அம்மா வரவில்லை. ஆனால் என் கண்ணில் பட்டது அந்த ஈர வேட்டிதான். வரும் வழியில் வெள்ளாற்றில் குளித்திருக்கிறார்கள்!

"என்ன உட்டுட்டு ஆத்துல குளிச்சிட்டீங்க" என்று தரையில் புரண்டு அழுதேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தைதான் என்னைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். எண்ணெய் இல்லை, சீயக்காய் இல்லை. காய்ந்த தலையில் ஒரு குடத்தை அப்படியே கவிழ்த்தாள்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஊற்றுவது சாவுக் குளியலுக்கு மட்டும்தான். அம்மாவையும் வயிற்றுப் பிள்ளையையும் சிதம்பரத்திலேயே அடக்கம் செய்துவிட்டு, ஆற்றில் முழுகித்தான் அவர்கள் வந்திருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் அழுததற்காக ஊற்றுகிறாள் என்று நினைத்துக் குதித்தேன், கைதட்டினேன், இன்னும் ஒரு குடம் கேட்டேன். ஊற்றினாள். அன்று நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தலையைத் துவட்டும்போதுதான் பயம் வந்தது.

"எண்ணெ வெக்காம தலைய நனச்சேன்னு அம்மாகிட்ட சொல்லிடாத அத்தை."

"சொல்ல மாட்டண்டி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் கையை இழுத்து என் ஈரத் தலைமேல் வைத்து, சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாள்.