டென்ஷனைக் கொஞ்சம் குறை

சிரிப்பக்காவுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். பிறவிக் கோளாறு. பரீட்சை அறையில் சிரித்து வெளியே அனுப்பப்பட்டவள். பல் பிடுங்கப் போன இடத்தில் விடாமல் சிரித்து டாக்டரையே கலங்கடித்தவள். பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டிலேயே புழக்கத்தில் இல்லை.

அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் அவள் டயர் கழற்றினாள், பிரேக் பார்த்தாள், ஆயில் மாற்றினாள். என்ஜினைத் தொட மட்டும் அண்ணன் விட்டதில்லை. சிரித்துக்கொண்டே திறப்பவள் அழுதுகொண்டேதான் மூடுவாள் என்பது அவன் கட்சி. அவளும் விடாக்கண்டன்தான், அவன் என்ஜினைப் பிரிக்கும்போதெல்லாம் விளக்குப் பிடிக்கும் சாக்கில் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கண்ணால் திருடிக்கொண்டாள்.

அப்படிப்பட்ட அண்ணன் பரணிலிருந்து பெட்டி இறக்கப் போய், ஏணியோடு சேர்ந்து தானும் இறங்கினான். வலது கையில் மாவுக்கட்டு. அந்த நேரம் பார்த்து வந்து நின்றது சிவப்புக் கார். அண்ணியின் தம்பி, அதே பல் டாக்டர், பந்தயத் தடத்தில் பறப்பதற்கென்றே வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம், டைமிங் பெல்ட்டோ மாற்றியே ஆகவேண்டிய நிலையில் இருந்தது.

வேறு வழியில்லாமல் அண்ணன் இறங்கி வந்தான். "இத ஒழுங்கா முடிச்சேன்னா, இனிமே என்ஜின் வேலை உன்னோடது. சொதப்பினா ஜென்மத்துக்கும் டயர்தான்."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்பேனரைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள், முன்பக்க பம்பரைக் கழற்றும்போது அதற்கு நன்றிகூடச் சொன்னாள்.

டைமிங் பெல்ட் என்பது உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. பிஸ்டன் மேலே வரும் நேரமும் வால்வு திறக்கும் நேரமும் அதன் பிடியில் இருக்கின்றன. ஒரு பல் தள்ளி மாட்டினால் என்ஜின் இருமும். ஓடும்போது தொளதொளத்து நாலைந்து பல் தாண்டிவிட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு, அவ்வளவு விலையுள்ள என்ஜின் காயலான் கடைக்குத்தான் போகும்.

பல் சக்கரங்களில் பொறித்திருந்த குறிகளை நேராக வைத்துப் புது பெல்ட்டை மாட்டினாள். பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் கப்பியைத் திருகி, அதன் முள் கோட்டுக்கு வந்ததும் நட்டை இறுக்கப் போனாள். தலை முழுக்க என்ஜினுக்குள். பின்னால் நாற்காலியிலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"டென்ஷனைக் கொஞ்சம் குறை."

குறைத்தாள். முள் கோட்டை விட்டு நகர்ந்தது, மனசு ஒப்பவில்லை. ஆனால் என்ஜினோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவன் காரணமில்லாமலா சொல்வான்?

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் குறைத்தாள்.

"ஆங். இப்ப நல்லா மூச்சு விடு."

விட்டாள். அண்ணனுக்குத் தன்மேல் இத்தனை கரிசனமா என்று நெஞ்சு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சியிலேயே நட்டை இறுக்கி, சரிபார்ப்பதற்காக என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"போய்க் குளி," என்றான் அண்ணன். மூக்கு நுனிவரை கிரீஸ். சொன்னது நியாயம்தான், முடித்துவிட்டுக் குளிக்கலாம் என்று நினைத்தாள்.

"கொழந்தைய தூங்க வச்சிட்டு நீயும் படு."

அவளுக்கு ஏது குழந்தை? கல்யாணமே ஆகவில்லை. தலையை வெளியே இழுத்துத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், காதில் ஒயர். காரைப் பற்றிய கவலையில் காலையிலிருந்து ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனனுக்குத்தான் அத்தனை ஆறுதலும் போயிருந்தது.

குனிந்து குறியைப் பார்த்தாள். ஒரு பல் தள்ளி நின்றது. சத்தமில்லாமல் சரிசெய்திருக்கலாம், அண்ணனுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. ஒர்க்‌ஷாப்பே அதிர்ந்தது. தங்கையின் சிரிப்புக்கு அர்த்தம் தெரிந்த அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து, எது போச்சு என்று கேட்டான்.

"பல்லு ஒண்ணு தள்ளிப் போச்சு," என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். காதுக்குள் இருந்த டாக்டர் பழக்கதோஷத்தில் மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அண்ணனாலும் முடியவில்லை. கட்டுப்போட்ட கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டு, வலியில் முனகியபடியே சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும், முதலில் கப்பியைத் தளர்த்து என்று ஆரம்பித்தான்.

"அண்ணா, நீ வெளிய போய் உக்காரு. நான் கூப்பிடுற வரைக்கும் வாயத் தொறக்காத."

அண்ணனிடம் அவள் இப்படிப் பேசியதே கிடையாது. அவனும் காதிலிருந்த ஒயரை உருவிக்கொண்டு வெளியே போனான்.

பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து தொடங்கினாள். குறி, பெல்ட், கப்பி, முள். கோட்டுக்கு நேராக முள் வந்ததும் யார் குரலுக்கும் காத்திராமல் நட்டை இறுக்கினாள். கையால் சுற்றிப் பார்த்தாள், எல்லாக் குறியும் நேர். திருப்தி வராமல் இன்னொரு தடவையும் சுற்றினாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு, சாவியைத் திருகினாள்.

என்ஜின் ஒரே இழுப்பில் உயிர் பிடித்தது. இருமல் இல்லை, கரகரப்பு இல்லை. அழுத்த அழுத்தக் கூரைத் தகரம் அதிரும்படி பாடியது. வாசலில் வந்து நின்ற அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள்.

என்ஜினை அணைத்ததும் சொல்லிவைத்தாற்போல் போன் அடித்தது. அண்ணன் அதை ஸ்பீக்கரில் போட்டு பானெட்டின்மேல் வைத்தான். டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அத்தான், மூடுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கல்ல?"

சிரிப்பக்கா அண்ணனைப் பார்த்தாள். என்ஜின் இன்னும் திறந்துதான் கிடந்தது. குனிந்தால் போதும், குறி தெரியும். அவன் குனியவில்லை.

"நான் பாக்கல," என்றான். "அவ பாத்துட்டா."