கிரேஸ் அம்மாவுக்கு நான் என்ன உறவு

கிரேஸ் அம்மா போய்விட்டார் என்ற செய்தி போன வாரம் என் போனுக்கு இங்கிலீஷில் வந்தது. யாரையும் கூப்பிடாமல் நானே படித்தேன். ஃப்யூ-ன-ரல். மூன்றாக உடைத்து முடித்தபோதுதான் விளங்கியது. அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் படித்திருப்பீர்கள். குடிபாலா சர்ச் ஹாலில் நமக்குத் தமிழ் எழுத்தையும், பிறகு இங்கிலீஷையும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே.

சித்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். டைப் அடிக்கும்போது வரி முடியும் இடத்தில் சொல் நீண்டால், அதைக் கண்ட இடத்தில் வெட்டக் கூடாது. "வாயி எங்க தொறக்குதோ, அதை வச்சு வெட்டணும்" என்பார். தாடைக்குக் கீழே புறங்கையை வைக்கச் சொல்வார். தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ, அத்தனை துண்டு.

இங்கிலீஷ் ஆரம்பித்த முதல் நாள் 'பேங்க்' என்ற சொல்லைக் கொடுத்தார். எனக்கு இரண்டு முறை இடித்தது. எழுபது வருஷமாகப் பேங்க்கு என்றே சொன்ன வாய். "நைனா, அந்தக் கடைசி 'கு' உங்களுது. ஊட்லயே வச்சிட்டு வாங்க" என்றார். ஹாலே சிரித்தது. நானும்தான்.

போன மாதம் அவரைத் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தனியாகவே பஸ் ஏறினேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அதனால் ஒரு நீளமான இங்கிலீஷ் பலகைக்குக் கீழே தாடையில் கை வைத்து நின்றேன். பல்வலி என்று நினைத்து வாட்ச்மேன் பல் டாக்டர் இருக்கும் பக்கம் கைகாட்டினார். நான் நகரவில்லை. கார்-டி-ஆ-ல-ஜி. அவர் இருந்த வார்டு அதுதான்.

வாசலில் நர்ஸ் ஒரு சீட்டை நீட்டினார். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி; பெயரையும் உறவையும் எழுத வேண்டும் என்றார். பழக்கதோஷத்தில் என் பெருவிரல் மைப்பெட்டியைத் தேடியது. பிறகு பேனா வாங்கிப் பெயரை எழுதினேன். உறவு? நான் நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவன். ஜாதி வேறு, மதம் வேறு. பொய் எழுத மனம் வரவில்லை. ஸ்டூ-டென்ட் என்று இங்கிலீஷில் மெதுவாக எழுதினேன். நர்ஸ் சீட்டைப் பார்த்தார், என் நரையைப் பார்த்தார். பத்து நிமிஷம் என்று சொல்லி, சீட்டைத் திருப்பிக் கொடுத்து உள்ளே விட்டார்.

கிரேஸ் அம்மா அந்தச் சீட்டை வாங்கிப் படித்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டினார்.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல நைனா. கோர்ட்ல இத்தினி வருசம் நான் அடிச்ச காயிதத்துல இந்த மாதிரி ஒண்ணு இல்ல. பத்திரமா வச்சுக்கோங்க."

வைத்திருக்கிறேன் அம்மா. நான் உங்களுக்கு என்ன உறவு என்பது அதில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.