பெரியவரின் கழுத்து

அந்த டைனோசர் பூங்காவில் எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து இருக்கைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவள், அந்தப் பட்டறை மூடியதும் இங்கே ஆடி அசையும் பொம்மை டைனோசர்களுக்குத் தோல் ஒட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். “மனுஷங்க உக்கார்றதுக்குத் தச்சவ, இப்போ மனுஷங்களைத் திங்கிறதுக்குத் தைக்கிறேன்” என்று கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

காலையில் கதவு திறக்கும் முன் மெக்கானிக் ஒவ்வொன்றாக ஓடவிடுவான். இமை சிமிட்டுகிறதா, வால் ஆடுகிறதா என்று பார்ப்பான், எந்த மோட்டாராவது முனகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். அவள் ஏணியோடு பின்னாலேயே போவாள். இரும்புக் கூடு, அதன்மேல் ஸ்பாஞ்சு, அதற்கும் மேல் ரப்பர் தோல். வெயில் அதைக் காய்ச்சும், மழை ஊறவைக்கும், எலி உள்ளே குடித்தனமே நடத்தும். கிழிந்த இடத்தை இழுத்துத் தைத்து, வலைத்துணி வைத்துப் பசை பூசி, நிறம் தீட்டிவிட்டால் பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது.

மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள். நுழைவாயிலில் நின்ற டி-ரெக்ஸ்தான் அடங்காதது. அதற்கு அங்கே பெரியவர் என்று பெயர். ஆள் நடமாட்டத்தை சென்சார் கண்டதும் அவர் தலையைத் தூக்கி, இரண்டு பக்கமும் திரும்பி உறும வேண்டும். ஆனால் உறுமி உறுமியே கழுத்துத் தோல் பிளந்துகொண்டது. ஒட்ட ஒட்டக் கிழிந்தது. மேலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழுத்து மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதன்பிறகு பெரியவர் வாயை மட்டும் திறந்து மூடினார்.

“இதுக்குப் பல் வலிம்மா” என்று ஒரு குழந்தை சொன்னது. ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. நேரே மேலாளரிடம் போனாள்.

“சார், கழுத்துத் தோலையே கழட்டிட்டுப் புதுசாப் போட்டுடலாம்.”

“சரியா வரலேன்னா? லீவுக்கு வர்ற கூட்டத்துக்கு எலும்புக்கூட்டையா காட்டறது?”

“நான் பாத்துக்கிறேன் சார்.”

மேலாளர் தலையாட்டியதும் பழைய தோலை உரித்தெடுத்தாள். ராப்பகலாகப் பாடுபட்டு ஒட்டிய புதுத்தோல், முதல் ஓட்டத்திலேயே தொண்டையில் டப்பென்று வெடித்தது. அவள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, அவரு வெடுக்குனு தூக்கறாரு. நான் வேகத்தைக் குறைச்சுப் பாக்கறேன்” என்றான் மெக்கானிக்.

தலை மெல்ல, மெல்ல மேலே போனது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். தோல் எங்கே இறுகுகிறது என்று முதல்முறையாகத் தெரிந்தது.

“தம்பி, நிறுத்து! கையைத் தூக்கினா சட்டை ஏன் அக்குள்ல கிழியுது?”

“டைட்டா இருந்தா கிழியும்.”

“இவருக்கும் அதேதான். தலை குனிஞ்சிருக்கறப்போ அளவெடுத்துட்டேன். அண்ணாந்து நிக்கட்டும். அப்படியே வச்சு ஒட்டறேன்.”

அண்ணாந்த நிலையில் தொண்டை, இடம் திரும்பிய நிலையில் வலப்பக்கம், வலம் திரும்பிய நிலையில் இடப்பக்கம் என்று துண்டு துண்டாக ஒட்டினாள். பசை காய்ந்ததும் தலையை இறக்கினார்கள். மிச்சத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. “இப்பத்தான்க்கா நிஜமாவே பெரியவரு!” என்று மெக்கானிக் குதித்தான்.

விடுமுறையின் முதல் நாள் வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கணவனும் மகளும் முன்வரிசையில் நின்றார்கள். சென்சார் விழித்தது. எல்லோரும் பெரியவரின் பல்லைப் பார்க்க, ஊசியக்கா மட்டும் தொண்டையைப் பார்த்தாள். மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. தலை வானத்துக்கு எழுந்தது, இடம் திரும்பியது, வலம் திரும்பியது. பிறகு ஓர் உறுமல்! பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள், ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்து “இன்னொரு தடவை!” என்று கத்தினார்கள்.

“எங்க அம்மா செஞ்சது!” என்று மகள் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் விசிலடித்தான். மேலாளர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊசியக்காவும் வாயைத் திறந்து, பெரியவரோடு சேர்ந்து ஒருமுறை உறுமிவிட்டாள்.

விடுமுறை முழுக்க அந்தக் கழுத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. பள்ளிகள் திறந்த அன்று, குளத்தங்கரையில் நிற்கும் டைனோசர் நீளக்கழுத்துக்காரியை அண்ணாந்து பார்க்கச் சொல்லிவிட்டு, அதற்கும் கழுத்துத் தோல் மாற்ற ஊசியக்கா ஏணியில் ஏறினாள்.