பாபநாசம் முதல் திருச்செந்தூர் வரை: பேட்டைச் சாலை வழியாக 110 கிலோமீட்டர்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்திலிருந்து திருச்செந்தூர் வரை சைக்கிளில் போனோம். பதினோரு பேரும் பேட்டைத் தொழிற்பேட்டையில், பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வந்துபோகிற ஏழை நோயாளிகளின் பஸ், ஆட்டோ செலவுக்கு நிதி திரட்டுவதுதான் நோக்கம். ஆற்றை ஒட்டி இப்படி ஒரு நாள் போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் பேர் கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மனைவி உமா முக்கூடலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். போன ஐப்பசி மழையில், முக்கூடல்–பேட்டை சாலையில் ஒரு வளைவில் அவள் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. அன்று இரவே இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அந்தச் சாலைக்குப் போகவில்லை. இரண்டு தடவை பைக்கில் கிளம்பி, பேட்டையைத் தாண்டுவதற்குள் திரும்பிவிட்டேன். பத்துப் பேர் நடுவில் போனால் கடந்துவிடலாம் என்று தோன்றியது. வழி போடும் வேலை என்னிடம் வந்தபோது அந்தச் சாலையைத்தான் போட்டேன்: பாபநாசம், அம்பாசமுத்திரம், முக்கூடல், பேட்டை, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர். மொத்தம் 110 கிலோமீட்டர். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

முந்தின நாள் சாயங்காலமே சைக்கிள்களை வேனில் ஏற்றி பாபநாசம் போய்விட்டோம். இரண்டு நாளும் கூடவே வர வேன் வாடகை 6,500 ரூபாய். தங்கியது ஆளுக்கு 350. காலை 5.30க்குக் கிளம்பினோம். அம்பாசமுத்திரம் வரை 11 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம், மிதிக்கவே வேண்டாம். மலையிலிருந்து வரும் காற்றில் காது ஜில்லிட்டுப் போனது.

அம்பாசமுத்திரத்தில் இட்லி, வடை, காபி ஆளுக்கு 70 ரூபாய். எங்கள் பட்டறையில் ஸ்டோர் பார்க்கும் பீர் முகமது அண்ணாச்சி அங்கேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வயது ஐம்பத்து நான்கு. மருமகனின் சைக்கிளை வாங்கி வந்திருந்தார். சீட் மிகவும் தாழ்வு. நான் ஸ்பேனர் எடுத்து நான்கு சென்டிமீட்டர் உயர்த்திக் கொடுத்தேன்.

"ஏலே, இப்ப கால் தரையில எட்ட மாட்டேங்குலே."

"தரையில நடக்கவா வந்திருக்கீக அண்ணாச்சி?" என்றான் கணேசன். பட்டறையில் அளவு சோதிக்கும் பிரிவில் இருக்கிறான், என் வயதுதான். வேனில் ஏறிக்கொள்ளச் சொன்னதற்கு, செத்தாலும் மாட்டேன் என்றார் அண்ணாச்சி.

முக்கூடல் 8.05க்கு வந்தது. முன்னால் போன கணேசன் நேராகப் போகாமல் வலது பக்கம், ஆற்றுப்பாலத்தைப் பார்த்துக் கை காட்டினான்.

"நேராத்தானலே போகணும்?" என்றேன்.

"பேட்ட ரோட்டுல வேல நடக்கு. ஜல்லி கொட்டிக் கெடக்காம். சேரன்மாதேவி வழியா போயிருவோம்."

டீக்கடை வாசலில் நின்ற பால்காரர் ஒருவர் கிளாஸை இறக்கினார். "எந்த ரோட்டுல ஜல்லி? நான் இப்பதான அங்கனருந்து வாரேன். ரோடு வழுவழுன்னு கெடக்கு வே."

"நேத்து வரைக்கும் கெடந்துச்சு அண்ணாச்சி."

"நேத்தும் நாந்தானவே வந்தேன்."

மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். போனில் வரைபடத்தைத் திறந்தேன். நான் போட்ட வழியை மாற்றியிருந்தார்கள். தூரம் 119 என்று காட்டியது. கடைசியில் பீர் அண்ணாச்சிதான் வாயைத் திறந்தார்.

"ஒன்ன அந்த வழியா கூட்டிட்டுப் போவக் கூடாதுன்னு நாங்கதாம்ப்பா பேசி வச்சோம். நீ தெரியாம போட்டுட்டன்னு நெனச்சோம்."

"தெரிஞ்சுதான் அண்ணாச்சி போட்டேன். ஒங்க எல்லார்கூடயும்னா போயிரலாம்னு."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டே, "அல்ஹம்துலில்லாஹ், ஒம்பது கிலோமீட்டர் மிச்சம்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கணேசன் மட்டும் சிரிக்கவில்லை.

முக்கூடலிலிருந்து பேட்டை வழியாக டவுன் வரை 22 கிலோமீட்டர். நல்ல சாலை. இரண்டு பக்கமும் வாழை, அறுப்புக்கு நிற்கும் நெல். அந்த வளைவு பதினாறாவது கிலோமீட்டரில் வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வேகம் 18, இதயத்துடிப்பு 128. வளைவுக்கு முன்னாலும் 128தான். நான் நிறுத்தவில்லை. கடந்துவிட்டேன், ஒன்றுமே ஆகவில்லை என்று நினைத்தேன். ஒன்றுமே ஆகாதது கொஞ்சம் பயமாக இருந்தது.

"கணேசன எங்கலே?" என்று பின்னாலிருந்து அண்ணாச்சி கத்தினார்.

திரும்பிப் போனேன். வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, ஓரத்துப் பாலக்கட்டையில் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தான்.

"நீ போலே. கால் பிடிச்சுக்கிட்டு."

அன்றைக்கு உமாவுக்குப் பின்னால் வந்து முதலில் பார்த்தவன் அவன்தான். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி வரை பிடித்துக்கொண்டு போனதும் அவன்தான். எனக்கு இது தெரியும். முக்கூடலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான்கு மாதமாக அவன் சேரன்மகாதேவி சுற்றித்தான் போகிறான் என்பது தெரியாது. அண்ணாச்சி பிறகுதான் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவ எதுவும் பேசுனாளாலே?"

துண்டை எடுக்காமலே சொன்னான். "ஹெல்மெட்ட கழட்டும்போது கம்மல் மாட்டிக்கிட்டு. 'பைய, மெதுவா எடுங்கண்ணே'ன்னா. அவ்வளவுதாம்லே. பொறவு பேசல. நீ கேப்பேன்னு நாலு மாசமா பாக்கேன். நீ கேக்கவே இல்லையே."

விழுந்தது சாயங்காலம் 5.40, ஆஸ்பத்திரிக்குள் போனது 6.15. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது, எனக்கு மனப்பாடம். கம்மல் மாட்டிக்கொண்டது எதிலும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கத்தான் கை வரவில்லை. அவன் திறந்து கொடுத்தான். இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். யாரும் வந்து அவசரப்படுத்தவில்லை.

திருச்செந்தூர் கடற்கரையைத் தொட்டபோது மணி 4.20. பீர் அண்ணாச்சி வேனில் ஒரு அடிகூட ஏறவில்லை. மறுநாள் லீவு போட்டார், அது வேறு விஷயம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சீட் உயரத்தை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை தாண்டினால் வெயில் ஏறிவிடும், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். மதியம் ஒரு மணி நேரம் ஸ்ரீவைகுண்டத்தில் நிழல் பார்த்துப் படுத்துவிடுங்கள். எந்தச் சாலையை எதற்காகப் போட்டீர்கள் என்பதைக் கூட வருகிறவர்களிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்களையும் கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டும்.

முக்கூடலிலிருந்து வரும் அந்தப் பதினாறாவது கிலோமீட்டர் வளைவில் மழை நேரமென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நாங்கள் போனபோது நல்ல வெயில், தரை காய்ந்து கிடந்தது. ஆனாலும் நானும் கணேசனும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம்.